பத்தோட நிப்பாட்டாதீங்க

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற யாரையும் கேட்டுப் பாருங்க, ஈர்ப்பு விசைச் சமன்பாட்டைத் தூக்கத்திலயும் சொல்லுவாங்க. இரண்டு திணிவுகளையும் ஈர்ப்பு மாறிலியையும் பெருக்கி, இடைத்தூரத்தின் வர்க்கத்தால் பிரிக்க வேண்டும். "சரி, உட்துறைமுக வீதியில நிக்கிற உன்னைப் பூமி எவ்வளவு விசையோட இழுக்குது?" என்று கேட்டால் முழிப்பாங்க. நானும் முழிச்சவன்தான்.

பிறகு ஒருநாள் இருந்து கணக்கைப் போட்டேன். பூமியின் திணிவு 5.97 × 10²⁴ கிலோகிராம். என் திணிவு 60 கிலோகிராம். தூரத்தைத் தரையிலிருந்து அல்ல, பூமியின் மையத்திலிருந்து எடுக்க வேண்டும். திருகோணமலையில் அது ஏறக்குறைய 6,378 கிலோமீற்றர். விடை 588 நியூட்டன்.

டியூசனில் சொல்லித்தாற மாதிரி ஈர்ப்பு ஆர்முடுகலைப் பத்து என்று போட்டால் 600 வரும். உண்மையில் இங்கே தராசு உணர்வதோ 587. பூமி சுழல்வதால் ஏறக்குறைய 2 நியூட்டன் குறையுது. பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதால் அதில் 1 நியூட்டன் திரும்பி வருது.

"ஒரு நியூட்டன் தானே மச்சான், விடு" என்பாங்க. அப்படி விடாத ஆக்களாலதான் எங்கட கடலைப் பற்றியே ஒரு பெரிய விசயம் தெரிய வந்தது. 1948இல் டச்சுக்காரரான வெனிங் மைனஸ், கப்பலில் எடுத்த ஈர்ப்பு அளவீடுகளிலிருந்து, இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு குறைந்த பெரும் பகுதி ஒன்றைக் கண்டுபிடித்தார். பூமி ஒரே சீராக இருந்திருந்தால் இருக்கவேண்டிய மட்டத்தைவிட அங்கே கடல் 106 மீற்றர் வரை தாழ்ந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாத பள்ளம். பூமியின் ஆழத்தில் எழும்புகிற சூடான, அடர்த்தி குறைந்த பாறைப்பொருளே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

எங்கட வாசலுக்குப் பக்கத்தில இருக்கிற இந்த விசயத்தை எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. "பத்து என்று போடு, அடுத்த கணக்குக்குப் போ" என்று மட்டும்தான் சொன்னாங்க.

பரீட்சையில் பத்தென்றே போடுங்க, புள்ளி முக்கியம். ஆனா ஒரு பாடவேளையாவது பிள்ளைகள் தங்கட ஊரில், தங்கட திணிவுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மனப்பாடம் செய்த சமன்பாடு அப்பதான் தங்கட சமன்பாடு ஆகும்.

உங்களுக்கும் ஒரு கணக்கு: கோணேசர் மலையில் நூறு மீற்றர் ஏறினால் தராசில் எவ்வளவு குறையும்? மலையின் சொந்த இழுவையைக் கணக்கில் எடுக்காமல் எனக்கு வந்த விடை ஏறக்குறைய 2 கிராம். பிழையெண்டா சொல்லுங்க.