பட்டவராயனுக்குச் செருப்பு! பகடைக்கு என்ன?



ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் சங்கரன்கோவில் வட்டாரத்து ஜனங்களுக்கு இரண்டு வேலைகள் வந்துவிடும். ஒன்று, கோமதியம்மன் தவம் செய்ததாகச் சொல்லப்படும் தபசுத் திருவிழாவில் போய் நெரிசல்படுவது. மற்றொன்று, அமாவாசைக்கு வேன் பிடித்து, அண்டாவும் அரிசிமூட்டையும் ஆட்டுக்கிடாயும் ஏற்றிக்கொண்டு, பாபநாசத்திற்கு மேலே காரையாற்றுக் காட்டிலிருக்கும் சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவது. முதல் வேலையைப்பற்றி நாம் பல தடவை எழுதியாய்விட்டது. இரண்டாவதைப்பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம்.

அந்தக் காட்டுக் கோவிலில் பட்டவராயன் என்று ஒரு சாமி உண்டு. அவருக்குப் பூவும் பழமும் போதாது; தோலில் தைத்த செருப்பு வேண்டும். வேண்டுதல் உள்ளவர்கள் புதுச் செருப்புச் செய்துகொண்டுபோய் அங்கே கட்டித் தொங்கவிடுகிறார்கள். மறு வருஷம் போய்ப் பார்த்தால் அந்தச் செருப்புத் தேய்ந்திருக்குமாம். பட்டவராயன் இரவில் அதைப் போட்டுக்கொண்டு காடு முழுவதும் நடந்து மாடு காக்கிறாராம். அதற்கு அத்தாட்சி செருப்பின் தேய்மானமாம்!

நாம் கேட்கிறோம். மழைக் காட்டில், திறந்த வெளியில், ஒரு வருஷ காலம் தொங்கும் தோல் என்ன ஆகும்? பட்டை போட்டுப் பதனிட்ட தோல் நனைந்து காய்ந்து, மறுபடியும் நனைந்து காய்ந்தால், அதிலுள்ள எண்ணெய் போய்விடும். பிறகு விறைக்கும், வெடிக்கும், பூசணம் பூக்கும், பூச்சி அரிக்கும். உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு ஜோடியைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். பட்டவராயன் உங்கள் வீட்டிற்கும் வந்துபோனதாகத் தெரியவரும். இது போதாதென்பவர்களுக்கு ஒரு யோசனை சொல்லுகிறோம். ஒரு புது ஜோடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பத்துப் பேர் முன்னிலையில் அரக்கு முத்திரை போட்டுவிட்டு, அடுத்த ஆடியில் திறப்போம். தேய்ந்திருந்தால் இந்தப் பத்திரிகையிலேயே நம் தோல்வியை அச்சடித்துவிடுகிறோம்.

இது நிற்க. இந்தப் பட்டவராயன் யார் என்பதுதான் நமக்கு முக்கியம். வில்லுப்பாட்டுக்காரர்கள் பாடும் முத்துப்பட்டன் கதையைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். முத்துப்பட்டன் பிறப்பால் பார்ப்பனன். காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைக் கண்டு ஆசைப்பட்டான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை மாடு மேய்த்துத் தோல் தைக்கும் சக்கிலியன். பெண் வேண்டுமானால் பூணூலை அறுத்தெறி, குடுமியை எடு, செருப்புத் தைக்கப் பழகிக்கொண்டு வா என்றான் பகடை. முத்துப்பட்டனும் அப்படியே செய்தான். அண்ணன்மார் தடுத்தும் கேட்கவில்லை. கடைசியில் மாமனார் காவல் காத்த மாடுகளைத் திருடவந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். அந்த இரண்டு பெண்களும் சிதையேறினார்கள் என்று கதை முடிகிறது. (பெண்களைக் கொளுத்தாமல் நம் நாட்டில் ஒரு கதைகூட முடிவதில்லை!)

எவ்வளவு உயர்ந்த கதை பார்த்தீர்களா? பார்ப்பனன் ஒருவன் தன் ஜாதியை உதறிவிட்டு, உழைப்பவன் தொழிலைக் கற்று, உழைப்பவன் மருமகனாய்ச் செத்த கதை இது. இதை அப்படியே விட்டுவைத்தார்களா? இல்லை. அந்தப் பெண்கள் உண்மையில் சக்கிலியப் பெண்களே அல்லவென்றும், பார்ப்பன வயிற்றில் பிறந்து காட்டில் கிடந்த குழந்தைகளைப் பகடை எடுத்து வளர்த்தான் என்றும் பிற்பாடு ஒரு பொய்யை நுழைத்தார்கள். இக்கதையைத் தேடிப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள் இது இடைச்செருகல் என்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார். சாமியாகிவிட்டபின் சாமிக்குக்கூட ஜாதியில் குறை வரலாகாது என்பதுதானே இதன் கருத்து? சங்கரன்கோவில் தலபுராணத்திலும் புற்றிலே லிங்கத்தை முதலில் கண்டவன் காவற்பறையன்தான். கண்டவன் வெளியே, காணாதவன் உள்ளே என்ற முறை எத்தனை காலம் நடந்தது என்பதை வாசகர்களே அறிவார்கள். சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்பில் பாதிப்பாதியாய் நிற்கச் சம்மதித்துவிட்டார்களாம். ஆனால் அவர்களுடைய பக்தர்கள் ஒரே பெஞ்சியில் உட்காரச் சம்மதிப்பதற்குச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இனி அந்தச் செருப்பின் தோலுக்கு வருவோம். செத்த மாட்டின் தோலை உப்புப் போட்டு, ஊறவைத்து, சுண்ணாம்பு நீரில் பல நாள் போட்டு, மயிரைச் சுரண்டி, உட்பக்கத்துச் சதையைக் கத்தியால் வழித்து, சுண்ணாம்பு போகக் கழுவி, பிறகு ஆவாரம்பட்டையோ கருவேலம்பட்டையோ ஊறிய தொட்டியில் வாரக்கணக்கில் போடுகிறார்கள். சாறு பலம் குறையக் குறைய மாற்றவேண்டும். பின்னர் கடுக்காய் நீரில் போட்டு எடுத்து, எண்ணெய் தேய்த்து நிழலில் உலர்த்தவேண்டும். வாழைக்காயைக் கடித்தால் நாக்கு மடிகிறதல்லவா? அந்தத் துவர்ப்புத்தான் இங்கே வேலை செய்வது. பட்டையிலுள்ள துவர்ச்சத்து தோலின் நாரோடு பிணைந்துகொள்ளுகிறது. அதன்பின் கிருமி அதைத் தின்று அழுகவைக்க முடிவதில்லை. இரசாயன சாஸ்திரம் இதைப் புத்தகத்தில் எழுதுவதற்கு எத்தனையோ காலம் முன்பே, எழுத்தறியாத நம் பகடைகள் தொட்டியில் கைவிட்டுப் பார்த்தும், நாக்கில் வைத்துப் பார்த்தும் அறிந்திருந்தார்கள். இப்பேர்ப்பட்ட அறிவுக்கு நாம் கொடுத்த பட்டம் 'தீண்டத்தகாதவன்' என்பது.

இதில் தீட்டு எங்கே இருக்கிறது என்று தயவுசெய்து யாராவது காட்டட்டும். சுண்ணாம்பா? அதை வெற்றிலையில் தடவி வாயில் போட்டுக்கொள்ளுகிறோம். கடுக்காயா? அதை வைத்தியன் தாய்க்குச் சமானம் என்கிறான். ஆவாரையா? அதன் பூவைப் பொங்கலுக்கு வீட்டு வாசலில் செருகுகிறோம். மாடா? அது தெய்வமாயிற்றே, அதன் மூத்திரமே தீர்த்தமாயிற்றே! ஆகவே, எல்லாம் சுத்தம். இவற்றையெல்லாம் சேர்த்து வேலை செய்தவன் கை மாத்திரம் அசுத்தம்! இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு?

மேலும் ஒரு சந்தேகம் நமக்கு வெகு நாளாய் உண்டு. பரமசிவன் இடுப்பிலே புலித்தோல், மேலே யானைத்தோல் என்கிறார்கள். உப்புப் போடாத பச்சைத் தோல் நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் நாறத் தொடங்கும். காயவைத்தாலோ பலகைபோல் விறைத்துக்கொள்ளும். இடுப்பில் சுற்ற வராது. அப்படியானால் கைலாயத்தில் அதைப் பதனிட்டவன் யார்? அங்கே ஒரு பகடை இருந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் தேவாதி தேவர்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தரிசனத்திற்கு நின்றிருக்கவேண்டும். இரண்டில் எது என்று புராணிகர்கள் சொல்லுவார்களா?

மனு இதற்கெல்லாம் முன்ஜாக்கிரதையாக ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார். பத்தாம் அத்தியாயத்தில் தோல் வேலையை இன்ன கலப்பில் பிறந்தவனுக்கு என்று பிறவியோடு கட்டிவிட்டு, நாலாம் அத்தியாயத்தில் தோல் வேலைக்காரன் வீட்டுச் சோற்றைத் தின்றால் புகழ் போய்விடும் என்றும் எழுதிவைத்தார். செருப்பு வேண்டும், சோறு வேண்டாம் என்பது சாஸ்திரம். ஆனால் இதைப் பார்ப்பனர் தலையில் மாத்திரம் போட்டுவிட்டு நம்மவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. 1930-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டளைகள் போட்டவர்கள் பார்ப்பனர்களா? இல்லை. நம்மைப்போன்ற 'சூத்திரர்'களே. ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. செருப்புத் தைக்கிற ஜாதி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்த கதை எந்தக் கிராமத்துக் கிழவரைக் கேட்டாலும் கிடைக்கும்.

அந்தக் காலத்தில் செத்த மாட்டின் தோல் பகடைக்கு. அதற்குப் பதில் கமலைக்கு வால் தைப்பதும், ஏருக்கு வார் கொடுப்பதும், பண்ணையார் வீட்டாருக்குச் செருப்புக் கொடுப்பதும் அவன் கடமை. கூலி களத்தில் வீசும் நெல். பிறகு கிணற்றில் மோட்டார் வந்தது, கமலை போயிற்று. 1903-ம் வருஷ வாக்கில் சென்னையில் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரர் குரோம் உப்பால் பதனிடும் முறையைக் கொண்டுவந்தார். வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் மீதியைச் செய்தன. இன்று பட்டைத் தொட்டி வேலை திருச்சி செம்பட்டு, திண்டுக்கல், ஈரோடு போன்ற இடத்துத் தொழிற்சாலைகளில் இருக்கிறது. அந்தத் தோலுக்கு 'ஈ.ஐ. தோல்' என்று புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கிராமத்துப் பகடையின் பிள்ளைகளில் பலர் எங்கே போனார்கள்? முனிசிபாலிட்டிக் குப்பை வண்டிக்குப் பின்னால் பாருங்கள்.

இப்பொழுதுதான் புதிய பக்தர்கள் கிளம்பியிருக்கிறார்கள். சென்ற மாதம் தேரடிக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு படித்த கனவான் நம்மிடம் உபதேசம் செய்தார். "அண்ணாச்சி, குரோம் தோல் விஷம். பட்டைத் தோல் செருப்புத்தான் நம்ம பாரம்பரியம். அந்தச் சமுதாயத்துப் பிள்ளைகள் படிப்பு படிப்பு என்று தொழிலை விட்டுவிட்டார்கள். அழிந்துபோகிறதே!" என்று கண் கலங்கினார்.

குரோம் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது உண்மைதான். 1996-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பட்டைத் தோல் நல்ல தோல் என்பதையும் நாம் மறுக்கவில்லை. (அதிலும் உப்பும் சுண்ணாம்பும் நிலத்தில்தான் போய்ச் சேருகின்றன என்பதைக் கனவான் மறந்துவிட்டார்.) நாம் அவரைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, உங்களுக்கு இரண்டு பையன்கள் உண்டே. பட்டைத் தொட்டிக்கு எவனை அனுப்பப்போகிறீர்கள்?" அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும்! "எங்களுக்கு அது பழக்கமில்லையே" என்றார். பார்ப்பனன் முத்துப்பட்டனுக்கு மட்டும் பழக்கமா இருந்தது?

பாரம்பரியம் என்றால் லாபம் ஒருவனுக்கு, நாற்றம் மற்றொருவனுக்கு என்று அர்த்தமாயிருக்கிறது. பட்டைத் தோலில் செய்யும் கோலாப்பூர் செருப்பைப்போன்ற ஒன்றை 2025 ஜூன் மாதம் இத்தாலியில் பிராடா என்ற பெரிய கம்பெனி தன் சரக்காகக் காட்டியது. இங்கே கூச்சல் கிளம்பிய பிறகுதான் அது எந்த ஊர்ச் செருப்பின் சாயல் என்று ஒப்புக்கொண்டது. நம் தேசாபிமானிகள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் ஒரு வீசம், அதைத் தைத்தவன் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில் உண்டா? சங்கீத வித்துவான் மடியில் வைத்து வாசிக்கும் மிருதங்கத்தின் தோல் மாட்டுத் தோல். அதைச் செய்பவர்களைப்பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் புத்தகம் எழுதினார். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த மண்டபத்தைக் கலாக்ஷேத்திரம் திருப்பி எடுத்துக்கொண்டது. நாதம் வேண்டும், தோலின் பெயர் வேண்டாம்!

குலத்தொழிலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடு என்று 1953-ல் ஆச்சாரியார் கொண்டுவந்த பள்ளிக்கூடத் திட்டம் 1954-ல் குழிக்குள் போயிற்று. 2023-ல் மத்திய சர்க்கார் விசுவகர்மா திட்டம் என்று 18 தொழில்களுக்குக் கடன் கொடுக்கப் புறப்பட்டது. செருப்புத் தைப்பதும் அவற்றில் ஒன்று. குடும்பத்தில் பரம்பரையாக அத்தொழில் நடந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையை எடுக்கச் சொல்லி, எடுக்காததால், தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ல் மறுத்துவிட்டு, ஜாதி பார்க்காமல் 25 தொழில்களுக்குத் தனித் திட்டம் வகுத்தது. இதுதான் சரி. தொட்டி வேலையை எவனும் கற்கலாம் என்றிருக்கட்டும். கையுறையும் நல்ல வடிகாலும் பட்டதாரிக்குரிய சம்பளமும் இருக்கட்டும். அப்பொழுது பகடையின் பேரன் விரும்பினால் வருவான், கனவானின் பையனும் வருவான். அதற்குமுன் பாரம்பரியம் பேசுகிறவர்கள், 2009-ல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது எந்தப் பக்கம் நின்று முணுமுணுத்தோம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப்பார்க்கட்டும்.

டீக்கடையை விட்டு எழுந்து வரும்போது, நம் செருப்பு வார் அறுந்திருந்ததால் சாலையோரத்தில் தைக்கும் தோழரிடம் உட்கார்ந்தோம். வயது அறுபதிருக்கும். ஆடிக்குப் பத்து ஜோடி சொல்லியிருக்கிறார்களாம், எல்லாம் பட்டவராயனுக்கு. "நீங்களும் போவீர்களா?" என்று கேட்டோம்.

"போவேன் அண்ணாச்சி. எங்க சாமிலா. கிடாக்கறி சாப்பிட்டுட்டு ரெண்டு நாள் ஆத்துல குளிச்சிட்டு வருவேன். ஆனா செருப்பு மட்டும் கொண்டு போறதில்ல" என்றார்.

"ஏன்?"

அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: "தச்சவனுக்குத் தெரியாதா அண்ணாச்சி, அது எப்படித் தேயுதுன்னு?"