ஆற்றுக்கு உரிய மீன்



நல்லெண்ணத்தோடு செய்த ஒரு காரியம் தீமையாய் முடிவதுண்டோ? உண்டு என்று நமக்குச் சொல்லித் தருகிறது காவிரியில் வாழும் ஒரு மீன்.

கூன்முதுகு மகசீர் என்பது அதன் பெயர். கெண்டை இனத்தைச் சேர்ந்தது; தலைக்குப் பின்னால் முதுகு மேடிட்டிருக்கும்; துடுப்புகள் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும். காவிரியையும் அதன் துணையாறுகளையும் தவிர, உலகில் வேறெங்கும் அதற்கு இயற்கையான இருப்பிடம் இல்லை. 1946ஆம் ஆண்டு கபினி ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட மகசீர் ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ இருந்தது. வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை அது!

இத்தகைய மீன் ஏன் குறைந்தது? தெளிந்த ஓடுநீரும், கூழாங்கற்கள் நிறைந்த ஆற்றுப்படுகையும் அதற்கு வேண்டும். மழைக்காலத்தில் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி முட்டையிடுவது அதன் இயல்பு. அணைகள் அந்த வழியை மறித்தன. மணல் அள்ளியதால் படுகை சிதைந்தது. வெடி வைத்து மீன் பிடித்தவர்களால் தாயும் குஞ்சும் ஒருசேர மடிந்தன.

இந்நிலை கண்டு வருந்தியவர்கள் வாளாவிருக்கவில்லை. மராட்டிய மாநிலத்து லோனாவாலாவில் செயற்கை முறையில் பொரிக்கப்பட்ட மகசீர்க் குஞ்சுகளை 1970களிலிருந்து காவிரியில் விட்டார்கள். ஆனால் அவை நீலத்துடுப்பு மகசீர் என்னும் வேறொரு வகை. காவிரிக்கு உரியவை அல்ல. மகசீர் எதுவாயினும் மகசீர்தானே என்று எண்ணிவிட்டார்கள். புதியவை பல்கிப் பெருகின. ஆற்றில் மீன்வளம் திரும்பிவிட்டது என்றே பலரும் மகிழ்ந்தனர். 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதி வைத்த குறிப்புகளை அறிஞர்கள் ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது: வந்தது பெருக, சொந்தமானது தேய்ந்து கொண்டிருந்தது.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். நூறாண்டுகளுக்கு மேலாகப் புகழ்பெற்றிருந்த அந்த மீனுக்கு அதுவரை முறையான அறிவியல் பெயர்கூட உறுதி செய்யப்படவில்லை! நீலகிரி அடிவாரத்து மோயாற்றில் எஞ்சியிருந்த மீன்களை ஆராய்ந்து, கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட ‘டோர் ரெமாதேவி’ என்னும் இனமே இது என்று 2018இல்தான் தெளிந்தார்கள். அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் பட்டியலில் அவ்வாண்டே அது சேர்க்கப்பட்டது. பெயர் கிடைத்த வேளையும் ஆபத்து அறிவிக்கப்பட்ட வேளையும் ஒன்றாயின.

இதிலிருந்து நாம் கற்பது யாது? உதவுமுன் அறிந்துகொள்ள வேண்டும். பசித்தவனுக்கு என்ன வேண்டும் என்று கேளாமல், நம்மிடம் மிகுந்திருப்பதை அள்ளிக் கொடுத்துவிட்டு மனநிறைவு அடைகிறோம் அல்லவா? ஆற்றுக்கும் அவ்வாறே செய்தோம். மீன்களை எண்ணிப் பார்த்தவர்கள் எந்த மீன் என்று பார்க்கத் தவறினார்கள். ஓர் இனத்தை மீட்பதென்றால், அதற்கே உரிய ஓடுநீரையும் படுகையையும் வழியையும் முதலில் காத்துக் கொடுப்பதாகும். மோயாறு போன்ற இடங்கள் இன்னும் இருப்பதே நமக்கு நம்பிக்கை.

நம் வீட்டளவில் செய்யத்தக்கதும் உண்டு. கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன்கள் சலித்துப்போனால், இரக்கப்பட்டு ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். இன்று எங்கும் காணப்படும் ஜிலேபிக் கெண்டை நம் நாட்டு மீன் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். உங்கள் ஊர் ஆற்றில் முன்பு என்னென்ன மீன்கள் இருந்தன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். எதை இழந்தோம் என்று அறியாதவர் எதையும் மீட்க இயலாது.