கிராண்டிஸும் மரம்தானே?

கேரளத்தின் வட்டவடையில் கிராண்டிஸ் எனும் யூகலிப்டஸை வெட்டச் சொல்வது பச்சைக்கே எதிரான வேலையாம். மரமில்லாத புல்மேட்டால் யாருக்கு லாபம் என்றும் கேட்கிறார்கள். வரையாட்டைக் கேட்டிருக்கலாம். பக்கத்திலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவின் 97 சதுர கிலோமீட்டரில் பெரும்பகுதி அந்தப் புல்மேடுதான். வரையாட்டுக்குத் தீனி புல். சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் வரையாடு. 2006-லும் 2018-லும் அதே சரிவுகளில்தான் குறிஞ்சி பூத்தது, தேனீக்கள் மொய்த்தன. மழைநீரைப் பிடித்துவைத்துப் பள்ளத்துச் சோலைக்கும் ஓடைக்கும் மெல்ல விடுவதும் இந்தப் புல்லின் வேர்தான்.

கிராண்டிஸ் ஆஸ்திரேலியாவில் நல்ல மரம். அதைத் தின்று பழகிய பூச்சிகள் அங்கே ஏராளம். இங்கே அதன் இலையை மாடுகூடக் கடிக்காது. பச்சை இருக்கிறது, சாப்பிட யாருமில்லை!

நட்ட விவசாயியைத் திட்டுவது வேறு கதை. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆள்கூலி குறைவு, பராமரிப்பு அதிகமில்லை, தடிக்கு விலை உண்டு. அவருக்கு மாற்று வருமானம் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அதற்காகப் புல்வெளியைத் தரிசு என்று எழுதாதீர்கள். ஆனைமுடிச் சோலைப் பகுதியில் பழத்தோட்டம் என்ற இடத்தில், 2019 தீயில் அயல்மரங்கள் எரிந்த இடத்தில், உள்ளூர் மக்களோடு வனத்துறை நட்டது மரமல்ல, நாட்டுப் புல்.