மண்புழுவும் தமிழும்

மண்ணின் இயல்பைக் கற்ற அறிஞர், அதனை உழுபவனுக்கு உரையாவிடின் அக்கல்வியின் பயன் பாதியே என்பது என் கருத்து. இதற்கு மண்புழுவின் வரலாறே சான்றாகும்.

1881-ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் மண்புழுவைப் பற்றித் தனிநூல் ஒன்று வெளியிட்டார். சருகையும் மண்ணையும் விழுங்கி, நுண்பொடியாக்கி மேலே கொணரும் அச்சிற்றுயிர், கலப்பை தோன்றுமுன்னரே நிலத்தை உழுது வந்ததென அவர் காட்டினார். பத்தாண்டு கழித்து, 1891-இல், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை தம் மனோன்மணீயத்தில் நடராசன் வாயிலாக நாங்கூழ்ப் புழுவின் உழைப்பைப் போற்றினார். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய நாம் அப்பகுதியைச் சுவைத்துப் படிக்கின்றோம். ஆயினும் அச்செய்யுள் வயல்வரப்பை எட்டிற்றா? உரமூட்டையன்றோ அங்கு முந்திச் சென்றது!

அவ்வரப்பிற்குச் சென்று பேசிய அறிஞர் ஒருவர், சென்னைப் புதுக்கல்லூரியில் விலங்கியல் கற்பித்த சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள். அயல்நாட்டுப் புழுக்களை நாடற்க, நம் நிலத்துப் புழுக்களே சாலும் என்பது அவர் கொள்கை. மேற்பரப்பில் மட்கினைத் தின்னும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், மண்ணைத் துளைத்து வாழும் லாம்பிட்டோ மௌரிட்டி என்னும் இரண்டையும் அவர் ஆராய்ந்தார். ஆராய்ந்ததோடு அமையாது, ஒரு பீப்பாயில் சரளைக்கல், மணல், புழுவுள்ள மண், சாணம், வைக்கோல் ஆகியவற்றை அடுக்கி, மேலே தொங்கும் பானையினின்று நீர் சொட்டவிட்டு, அடியில் வடியும் மண்புழு நீரைப் பயிருக்குத் தெளிக்கும் முறையை உழவரிடையே பரப்பினார். ஏழையும் செய்யத்தக்க முறை அது.

இது புலமையைத் தாழ்த்துவதாகும் என்பார் உளர். டார்வினின் அந்நூலை விரும்பி வாங்கியவர் பொதுமக்களே என்பதை அவர் மறந்தனர் போலும்.

நிற்க. எம்மூராகிய நாட்றம்பள்ளிக்கு அண்மையில் உள்ள வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடுதலாற் பெயர்பெற்றவை. 1996-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இத்தோற்றொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் சிறிதளவோ முழுதுமோ பயிருக்குத் தகாததாயிற்று என்னும் கணக்குக் காட்டப்பட்டது. புழு இக்கேட்டினை நீக்கிவிடும் என்று யான் கூறேன். குரோமியம் அதன் வயிற்றிற் செரித்தொழியும் பொருளன்று. ஆனால் ஈரத்தோலால் மூச்சுவிடும் அவ்வுயிர் உப்பு மிக்க மண்ணில் தங்காது. கோடையில் ஆழச் சென்று ஒளிவது அதன் இயல்பு. ஆதலின் மழைக்குப்பின் மண்வெட்டியால் மண்ணைப் புரட்டிப் புழு உளதா எனப் பார்க்கக் கற்ற உழவன், இல்லையெனின் ஏன் என்று வினவுவான். அவ்வினா எழவேண்டும்.

நம் விலங்கியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒருங்கே ஊர்ப்புறம் செல்லலாகாதா? அவர் புழுவைத் தோண்டிக் காட்டட்டும். நாம் அவ்விலத்தீன் பெயர்களுக்கு ஈடாக உழவர் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதுவோம். ஐப்பசி மழை விட்டதும் தொடங்கலாம்.