கணக்கில் வராத காய்ச்சலைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்?



வைத்தியசாலைப் பதிவுகளையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டால், தொற்றுநோய் பரவுமுன்பே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் லயத்தில் படுத்திருக்கும் நோயாளி அந்தக் கணக்குக்குள் எந்த வழியால் வருவார்?

சட்டம் புதிதல்ல. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு, செங்கண்மாரி, டெங்கு என்று சந்தேகம் வந்தாலே போதும், எச் 544 படிவத்தில் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அறிவித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும்.

நம் தோட்டங்களில் நடப்பது என்ன? காய்ச்சல்காரர் தோட்ட டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறார், அல்லது டவுன் மருந்துக் கடைக்குப் போகிறார். படிவம் எழுத ஆளில்லை. அவர் மலைக்குப் போகாத நாள் மட்டும் செக்ரோலில் தவறாமல் ஏறுகிறது. சம்பளத்தை வெட்டக் கணக்கு இருக்கிறது, நோயைப் பிடிக்கக் கணக்கு இல்லை!

ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கும் மூன்று லயங்களில் இரண்டு நாளுக்குள் ஐந்து பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்றால், முதலில் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். அதை உடனே காட்டித்தருவதுதான் கணினியின் வேலை. ஆனால் தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரி. அந்த வரியில் எந்த டிவிசனும் தெரியாது.

கூகுள் நிறுவனம் மக்கள் இணையத்தில் தேடுவதை வைத்துச் சளிக்காய்ச்சலைக் கணிக்க 2008இல் தொடங்கியது. 2012–13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் உண்மையைவிட மிக அதிகமாகக் கணித்தது. 2015இல் அந்தச் சேவையை நிறுத்தியது. இன்னொரு வழியும் இருக்கிறது. 2008–2010 காலத்தில் குருநாகல் மாவட்டத்திலும் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலும் சுகாதார ஊழியர்கள் நோயாளிகளின் அறிகுறிகளைக் கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்பும் திட்டம் முன்னோடியாக நடத்தப்பட்டது. கிராமத்தில் செய்து பார்த்ததைத் தோட்டத்தில் ஏன் செய்யக்கூடாது?

எங்கள் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியும் அரசாங்கத்தின் நோய் அறிவித்தல் முறையில் இணைக்கப்பட வேண்டும்.

2. கணக்கு டிவிசன் வாரியாக இருக்க வேண்டும்.

3. நோயாளியின் பெயரும் விபரமும் நிர்வாகத்தின் கைக்குப் போகக்கூடாது. நோயைச் சொன்னவர் வேலையை இழக்கக்கூடாது.

4. எச்சரிக்கை தமிழில் எங்களுக்கும் வர வேண்டும். வந்த அன்றே தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும்.

அதுவரை கைகட்டி நிற்க மாட்டோம். ஒவ்வொரு டிவிசனிலும் தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் ஒரு கொப்பி போடுங்கள். திகதி, லய இலக்கம், என்ன நோய், எந்தப் பீலித் தண்ணீர் என்று எழுதுங்கள், பெயர் வேண்டாம். ஒரே வாரத்தில் ஒரே நோய் மூன்று வீட்டில் வந்தால், அந்தக் கொப்பியோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போவோம். கணக்கில் இல்லை என்று அப்போது எவரும் சொல்ல முடியாது!