பழைய கணினி குப்பையன்று, அமானிதம்

 

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே மண்ணில் கை வைத்தவர் எவருக்கும் ஓர் உண்மை தெரியும். சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மை உடைந்தால் அது வீணாவதில்லை. நீரில் கரைத்து மீண்டும் வார்த்துக்கொள்ளலாம். சூளையில் வெந்த பின் உடைந்தால்தான் அது வெறும் ஓடு. மண்ணில் நாம் அறிந்த இந்த வேறுபாட்டைக் கணினியில் மறந்துவிட்டோம். இயங்குதளம் மட்டுமே காலாவதியான கணினி பச்சை மண். அதை உடைந்த ஓடென்று எண்ணிப் பரண்மேல் எறிந்து வைத்திருக்கிறோம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் படித்த நம் பிள்ளைகள் பலரின் வீட்டுக்கு முதன்முதலாகக் கணினி வந்தது அப்போதுதான். அவற்றுள் பலவற்றில் விண்டோஸுடன், சிடாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருக்க, கணினி மட்டும் தகுதியற்றதாகிவிட்டது. இது நிறுவனம் வகுத்த எல்லை. கணினியின் ஆயுள் முடிந்துவிட்டதாக அதற்குப் பொருளில்லை.

இந்நிலையில் நம்மவர்கள் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்கிறார்கள். மூன்றுமே தவறு என்கிறோம்.

முதலாவது, பழையதைக் காயலான் கடையில் போடுவது. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்களாக இறைமறை எச்சரிக்கிறது. அறுந்த செருப்பைத் தம் கையாலேயே தைத்துக்கொண்டவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அவர்களின் உம்மத்தாகிய நாம், ஓடுகின்ற இயந்திரத்தை ஈயம் முதலான நஞ்சுகளோடு மண்ணில் எறியலாமா?

இரண்டாவது, வட்டி கலந்த தவணையில் புதியது வாங்குவது. மகளின் கல்விக்காக என்று காரணம் சொல்கிறோம். கல்வி ஃபர்ளு என்பதால் வட்டி ஹலாலாகிவிடுமா?

மூன்றாவது, பூட்டுடைத்த விண்டோஸைக் கடையில் நூறு இருநூறு ரூபாய்க்கு ஏற்றிக்கொள்வது. பிறர் பொருளை அனுமதியின்றி எடுப்பது பொருள் கண்ணுக்குத் தெரியாததால் திருட்டில்லை என்று ஆகிவிடாது. அத்தகைய பிரதிகளோடு உளவு நிரல்கள் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, வாசலைத் திறந்து வைத்துவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

நான்காவது வழி ஒன்றிருக்கிறது. அது ஹலாலானது, செலவற்றது. 2 ஜிபி நினைவகமும் 64 பிட் செயலியும் உள்ள கணினியில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான இயங்குதளம் ஓடும்; 4 ஜிபி இருந்தால் இன்னும் நன்று. அதை நகலெடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமமே அனுமதிக்கிறது. முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் சேமியுங்கள். நிறுவும்போது வன்தட்டு அழிக்கப்படலாம். பிறகு இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள். வேகம் போதாதென்றால் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துங்கள். புதுக் கணினியின் விலையில் அது சிறு பங்குதான்.

"டேலி ஓடாதே, போட்டோஷாப் ஓடாதே" என்பார்கள். உண்மைதான், அவை நேரடியாக ஓடா. தொழிலுக்கு அவை இன்றியமையாதவை என்றால் வட்டியின்றிச் சேமித்து உரிய கணினியை வாங்குங்கள். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டேலி எதற்கு? பாடக் காணொளிக்கு ஃபயர்ஃபாக்ஸும், கட்டுரைக்கு லிப்ரே ஆபீஸும், தமிழ்த் தட்டச்சும் போதும். பிள்ளைக்குத் தேவை கல்வி. நமக்குத் தேவைப்படுவதோ பக்கத்து வீட்டார் பார்க்கும் புதுப் பெட்டி. அந்தப் பெருமையைக் கல்வியின் பெயரால் மறைக்க வேண்டாம்.

ஜமாஅத் நிர்வாகிகளையும் ஒன்று கேட்கிறோம். மஹல்லாவில் பரண்மேல் கிடக்கும் கணினிகளைத் திரட்டுங்கள். கணினி படித்த நம் இளைஞர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதரஸாவில் அமர்த்துங்கள். அசருக்குள் சில வீடுகளுக்கேனும் இயங்கும் கணினி போய்ச் சேரும். பயன்படும் காலமெல்லாம் நன்மை தொடரும் தர்மமாக அது அமையட்டும்.

அவன் தந்த அருட்கொடைகள் ஒவ்வொன்றைப் பற்றியும் நாம் வினவப்படுவோம். வீண்விரயத்திலிருந்தும் வட்டியிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.