தானே பூக்கும் கஞ்சா: நான்கு கூற்றுகளும் அவற்றுக்கான மறுப்பும்

பகல் குறுகும் பருவத்திற்குக் காத்திராமல், முளைத்த சில வாரங்களிலேயே பூத்துவிடும் கஞ்சா ரகங்களைப் பற்றி, விதை விளம்பரங்களிலும் பொதுவான எழுத்துகளிலும் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. இவை 'ருடெராலிஸ்' என்னும் தனிச் சிற்றினத்தைச் சேர்ந்தவை, ஆகவே போதை குறைந்தவை, வயதைக் கொண்டே பூப்பதால் ஒளியைப் பொருட்படுத்தாதவை, வளர்ப்பதற்கும் எளியவை என்பன அதன் நான்கு கூறுகள். ஒரேயொரு பண்பைச் செடியின் முழு இயல்பாகக் கருதியதே இந்நான்குக்கும் பொதுவான பிழை.

அப்பண்பை முதலில் வரையறுக்க வேண்டும். கஞ்சா பொதுவாகக் குறும்பகல் தாவரம். அதாவது இரவு குறிப்பிட்ட அளவுக்கு நீண்ட பின்னரே அது முறையாகப் பூக்கும். பூத்தலுக்கும் பகல்நீளத்திற்கும் உள்ள தொடர்பைக் கார்னர், அல்லார்டு என்னும் ஆய்வாளர்கள் 1920இல் பொதுவிதியாக நிறுவுவதற்கு முன்பே, 1912 முதல் பிரான்சில் தூர்னுவா என்பவர் இதே செடியில் அத்தொடர்பைக் கவனித்திருந்தார். பகல் குறுகினால் மட்டுமே கதிர் தள்ளும் பழைய சம்பா நெல்லுக்கும், எப்பட்டத்தில் விதைத்தாலும் நாள்கணக்கில் கதிர் தள்ளும் குறுகியகால நெல்லுக்கும் உள்ள வேறுபாடே சாதாரணக் கஞ்சாவுக்கும் தானே பூக்கும் கஞ்சாவுக்கும் உள்ளது. நெல்லில் அவ்விரண்டையும் எவரும் வெவ்வேறு சிற்றினங்களாகக் கொள்வதில்லை.

தனிச் சிற்றினம் என்னும் முதற் கூற்று, பெயரையும் பண்பையும் ஒன்றாக்கிக் குழப்புகிறது. ருஷ்யாவின் தென்கிழக்குப் பகுதியில் களையாக வளர்ந்த கஞ்சாவை 1924இல் தாவரவியலாளர் ஜனிஷெவ்ஸ்கி தனிச் சிற்றினமாக விவரித்தபோது, அவர் முதன்மையாக நோக்கியது விதையையே: அது சிறியது, முதிர்ந்தவுடன் காம்பிலிருந்து எளிதில் உதிர்வது, பூச்சிகளை ஈர்க்கும் கொழுப்புச் சதையை அடியில் உடையது. இவை காட்டுச்செடி தன்னைத்தானே பரப்பிக்கொள்ள உதவும் பண்புகள். பூக்கும் காலத்தைத் தீர்மானிப்பவை அல்ல. 1976இல் ஸ்மால், கிரான்கிஸ்ட் என்னும் தாவரவியலாளர்கள் கஞ்சா முழுவதையும் ஒரே சிற்றினமாக்கி, அதனுள் இரு துணைச் சிற்றினங்களை மட்டுமே ஏற்றனர். பின்னர், 2022இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு, தானே பூக்கும் பண்பு ஒற்றை மரபணு இடத்தில் ஒடுங்குத்தன்மையுடன், அதாவது பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றால் மட்டுமே வெளிப்படும் வகையில், அமைந்திருப்பதைக் காட்டியது. ஓரிடத்து மாற்றத்தைக் கொண்டு ஒரு சிற்றினத்தை வகுத்துவிட இயலாது.

போதை குறைவு என்னும் இரண்டாம் கூற்று, பின்லாந்தின் 'பினோலா' போன்ற ரகங்களைப் பார்த்தால் மெய்யெனவே தோன்றும். ருஷ்யாவின் வவிலோவ் நிறுவனத்தின் விதைத் தொகுப்பிலிருந்து 1990களில் உருவாக்கப்பட்ட இந்த எண்ணெய்விதை ரகம் தானே பூப்பது. போதை தரும் டி.எச்.சி. என்னும் பொருளும் இதில் மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறைவுக்குக் காரணம், டி.எச்.சி.க்கு மாறாகப் போதையற்ற சி.பி.டி.யை ஆக்கும் நொதியின் மரபணு. அது பூத்தலைத் தீர்மானிக்கும் மரபணுவிலிருந்து வேறான குரோமோசோமில் இருப்பதால், இரண்டும் தனித்தனியே மரபுவழி கடத்தப்படுகின்றன. போதைமிக்க ரகத்தைத் தானே பூக்கும் செடியோடு கலந்தால், முதல் தலைமுறை பகல்நீளத்திற்குக் கட்டுப்பட்டே பூக்கும் எனினும், அத்தலைமுறையைத் தம்முள் கலக்கும்போது ஏறத்தாழ நான்கில் ஒரு செடி தானே பூக்கும்; அவற்றுள் போதைமிக்கவற்றைத் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. 2000களின் தொடக்கத்தில் பரவிய 'லோரைடர்' என்னும் குட்டை ரகம் இத்தகைய கலப்பினாலேயே உருவானது. உரிமம் வழங்குவோரும் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கின்றனர்: உத்தரகாண்டில் சணல்வகைக் கஞ்சாவுக்கு உரிமம் வழங்கும்போது 0.3 விழுக்காடு டி.எச்.சி. என்னும் வரம்பே அளவுகோலாகிறது. செடி எப்போது பூக்கிறது என்பது அங்கு கேள்வியே அல்ல.

ஒளி பொருட்டல்ல என்னும் மூன்றாம் கூற்று, ஒளியின் இரு பணிகளையும் பிரித்தறியாததால் எழுந்தது. பகல்நீளம் பூக்கும் நேரத்தை அறிவிக்கும் குறி. ஒளியோ ஒளிச்சேர்க்கைக்கு ஆதாரம். தானே பூக்கும் செடி குறியைத்தான் கைவிட்டதே தவிர ஆதாரத்தை அன்று. வடக்கு நாடுகளில் சாதாரண ரகம் இரவு நீளும்வரை காத்திருந்து பூக்கும்போது, விதை முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். மே இறுதியில் விதைக்கப்படும் பினோலாவோ ஏறத்தாழ ஒரு மாதத்தில் பூக்கத் தொடங்கி, இருபது மணி நேரத்தை எட்டும் கோடைப் பகலின் ஒளி முழுவதையும் பூவாகவும் விதையாகவும் மாற்றிக்கொள்கிறது. இங்கு நீண்ட பகல் தேவையற்றதாகவில்லை, பயனுள்ளதாகவே ஆகியிருக்கிறது.

வளர்ப்பு எளிது என்னும் நான்காம் கூற்றில், அறுவடை விரைவில் வருகிறது என்னும் அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் அவ்விரைவே இடரும் ஆகிறது. சாதாரண ரகத்தின் நாற்று நீர்தேங்கியோ களையால் நெருக்கப்பட்டோ நலிந்தால், பகல் குறுகும்வரை தேறிக்கொள்ள அதற்கு அவகாசம் உண்டு. தானே பூக்கும் செடி, நலிந்த நிலையிலேயே பூத்து, குறைந்த விளைச்சலோடு முடிந்துவிடும். நாருக்காக வளர்க்கப்படும் உயரமான சணல்வகைக் கஞ்சாவைப் போலத் தன் நிழலால் களையை அடக்க இக்குட்டைச் செடியால் இயலாது. வேரூன்றுவதற்குள் பூத்துவிடும் என்பதால், சிறந்த செடியைப் போத்து வைத்துப் பெருக்கும் வழியும் நடைமுறையில் அடைபடுகிறது. எஞ்சுவது விதை மட்டுமே. அதிலும் காற்றில் மகரந்தம் பரவும் இச்செடியில், அயல் வயலிலிருந்து சாதாரண ரகத்தின் மகரந்தம் கலந்தால், அவ்வாறு கருவுற்ற விதையிலிருந்து எழும் செடிகள் தானே பூக்கும் பண்பை இழந்துவிடும். ஆகவே விதை தூய்மையாக இருக்க, வயல்களுக்கிடையே நெடுந்தொலைவு பேணப்பட வேண்டும்.

ஆகவே, தானே பூத்தல் என்பது பூக்கும் காலத்தைப் பற்றிய தகவல் மட்டுமே. வகைப்பாட்டையும் போதையின் அளவையும் விளைச்சலையும் அதிலிருந்து ஊகித்தறிய முடியாது. முதலாவதற்கு உருவமைப்பும் மரபணுவும், இரண்டாவதற்கு ஆய்வகச் சோதனை, மூன்றாவதற்கு அந்தந்த நிலத்தின் பட்டமும் பராமரிப்பும் எனத் தனித்தனிச் சான்றுகள் வேண்டும்.